ஜன்னலோர இருக்கை: ஓர் இயற்பியல் நோக்கு

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் இயற்பியல் மாணவன், வில்பட்டி)

முன்னுரை

பயணம் என்றதும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் சில உண்டு. எத்தனை மணிக்குப் புறப்பாடு? கட்டணம் எவ்வளவு? எத்தனை கிலோ சுமை கொண்டு போகலாம்? சோறு கட்டிக்கொள்ள வேண்டுமா, வழியில் கிடைக்குமா? இவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் விமானம் ஏறப் போகும் ஒருவர், "நான் எந்தப் பக்கத்து ஜன்னலில் அமர வேண்டும்?" என்று கேட்டதை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அக்கேள்வியைக் கேட்டவர் என் பெரியப்பா மகள். அதற்கு விடை தேடப் போனதன் விளைவே இக்கட்டுரை.

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஏறாதவன் இதைப் பற்றி எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சூரியனுக்குப் போய் வந்தவர் எவரும் இல்லை. ஆயினும் நம் கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் அமர்ந்தபடியே, சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909ஆம் ஆண்டில் எவர்ஷெட் கண்டறிந்தார். தூரத்தில் இருந்துகொண்டே சரியாகக் கணக்கிட முடியும் என்பதே அறிவியல் நமக்குத் தந்துள்ள தைரியம். ஒரு வரைபடம், ஓர் அளவுகோல், சூரியன் எங்கே இருக்கும் என்ற அறிவு ஆகிய மூன்றும் இருந்தால், நல்ல ஜன்னல் எது என்பதை வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததன்று; பணத்தை மட்டும் பொறுத்ததும் அன்று. இதனை நிறுவுவதே என் நோக்கம்.

பேருந்து தரும் முதல் பாடம்

ஜன்னல் பாடத்தை மலைவாசிகளாகிய நாங்கள் முதலில் கற்றது பேருந்தில்தான். வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறும் பேருந்தை எடுத்துக்கொள்வோம். காமக்காப்பட்டியைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. சாலை பொதுவாக மேற்கு நோக்கி ஏறுகிறது. மஞ்சளாற்றுப் பள்ளத்தாக்கு சாலைக்குத் தெற்கே கிடக்கிறது. மேற்கு நோக்கிச் செல்பவனுக்குத் தெற்கு இடக்கைப் பக்கம் அல்லவா? ஆகவே டம் டம் பாறை அருகே, எதிர் மலையில் வெள்ளை நூல் தொங்கவிட்டது போல விழும் 297 மீட்டர் உயரத் தலையாறு அருவியைப் பார்க்க வேண்டுமானால், ஏறும்போது இடப்புற ஜன்னல் வேண்டும். இறங்கும்போது அதே பள்ளத்தாக்கு வலப்புறம் வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. ஏறும் பேருந்தின் இடப்புறம் பள்ளம் இருக்கும் இடங்களில், பேருந்து பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே போகும். பார்வைக்குக் குறுக்கே எதுவும் வராது. இறங்கும் பேருந்தோ மலைச்சுவரை ஒட்டிப் போகும். பள்ளத்துக்கும் நமக்கும் இடையே எதிரே வரும் லாரிகள் புகுந்து புறப்படும். கொண்டை ஊசி வளைவுகளில் பள்ளம் சற்று நேரம் பக்கம் மாறிவிட்டு மீண்டும் பழைய பக்கத்துக்கே வரும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு வருபவர்களுக்கு இவை எதுவும் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. காட்சி எந்தத் திசையில் இருக்கிறது? நாம் எந்தத் திசையில் போகிறோம்? இவ்விரண்டும் தெரிந்தால் பக்கம் தெரிந்துவிடும். பேருந்துக்குப் பொருந்தும் இவ்விதி விமானத்துக்கும் அப்படியே பொருந்தும். விமானத்தில் கூடுதலாக உயரம், சூரியன், இறக்கை ஆகிய மூன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உயரமும் அடிவானமும்

உயரே போகப் போக அதிகத் தொலைவு தெரியும் என்பதை எல்லோரும் அறிவோம். எவ்வளவு அதிகம்? பூமியின் ஆரத்தை ஆர் என்றும், நம் உயரத்தை எச் என்றும் கொண்டால், அடிவானத்தின் தொலைவு ஏறத்தாழ 2 ஆர் எச் என்பதன் வர்க்கமூலம் ஆகும். பூமியின் ஆரம் சுமார் 6,371 கிலோமீட்டர். இதைப் போட்டுச் சுருக்கினால், மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் வந்துவிடும்.

கோடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள சமவெளியிலிருந்து நாம் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். 1,800இன் வர்க்கமூலம் சுமார் 42.4. அதை 3.57 ஆல் பெருக்கினால் 151 கிலோமீட்டர். மதுரை மாநகரம் அங்கிருந்து நேர்கோட்டில் 80 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. வானம் தெளிந்த இரவில் மதுரையின் விளக்குகள் மலைமேல் தெரிவதற்குக் காரணம் இதுவே.

இனி 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 10,000இன் வர்க்கமூலம் 100. ஆகவே அடிவானம் 357 கிலோமீட்டர். இங்கே ஒரு சுவையான உண்மை வெளிப்படுகிறது. விமானத்தின் உயரம் நம் மலையின் உயரத்தைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல். ஆனால் அடிவானமோ இரண்டேகால் மடங்கைச் சற்றே தாண்டுகிறது. நான்கு மடங்கு உயர்ந்தால்தான் பார்வை இரு மடங்காகும். விமானப் பயணி காண்பதில் ஏறக்குறையப் பாதித் தொலைவை, மலைச்சரிவில் பூண்டுக்கும் காரட்டுக்கும் பாத்தி கட்டும் எங்கள் ஊர்க்காரர் நின்ற இடத்திலேயே காண்கிறார். விமானக் காட்சி நமக்கு எட்டாத ஒன்று என்று கருத வேண்டியதில்லை. அதன் அரிச்சுவடியை நாம் முன்பே படித்திருக்கிறோம்.

எந்தப் பக்கம்?

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அக்கா செவிலியர் பட்டயப் படிப்பு முடித்தவர். சென்னையில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தகவல் தாமதமாக வந்ததால் ரயிலில் இடமில்லை. அழைத்தவர்களே மதுரையிலிருந்து சென்னைக்குக் காலை விமானத்தில் பயணச்சீட்டு எடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறப் போகும் முதல் ஆள் அவர். வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு புத்திமதி சொன்னார்கள். அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "தம்பி, நீ பிசிக்ஸ்தானே படிக்கிற? ஜன்னல் சீட்டு கேக்கலாம்னு இருக்கேன். எந்தப் பக்கம் ஒக்காந்தா நம்ம மலை தெரியும்? அதைச் சொல்லு."

தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்து மதுரைக்கும் சென்னைக்கும் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தேன். கோடு வடகிழக்காகச் செல்கிறது. சரியாகச் சொன்னால், வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 33 பாகை. கோட்டின் இடப்புறம் மேற்கும் வடமேற்கும். வலப்புறம் கிழக்கும் தென்கிழக்கும். இரு பக்கங்களிலும் உள்ளவற்றை எழுதிப் பார்த்தேன்.

இடப்புறம்: புறப்பட்டதும் வெகு அருகில் அழகர்மலை. அதற்கப்பால் சிறுமலை. இன்னும் தொலைவில், விமான நிலையத்திலிருந்து 80 கிலோமீட்டர் அளவில், பழனி மலைத்தொடரில் நம் கோடைக்கானல். பிறகு திருச்சி. கோடு ஏறக்குறையத் திருச்சியின் தலைக்கு மேலேயே போகிறது. அங்கே இடப்புறத்தில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு. அதன்பின் பச்சைமலை, தொலைவில் கல்வராயன் மலை, பிறகு செஞ்சிக் குன்றுகள்.

வலப்புறம்: புறப்பட்டதும் சிவகங்கைச் சீமையின் கண்மாய்கள். திருச்சியை அடுத்துக் கல்லணை. பிறகு வீராணம் ஏரி, நெய்வேலியின் திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், புதுச்சேரிக் கரை, வங்கக் கடல்.

ஆக, மலை வேண்டுவோர்க்கு இடப்புறம். நீரும் கடலும் வேண்டுவோர்க்கு வலப்புறம். சென்னையிலிருந்து மதுரைக்குத் திரும்பும்போது இவை அப்படியே இடம் மாறிவிடும். விமானம் நாம் இழுத்த கோட்டின் மீதே போகும் என்று சொல்ல முடியாது. காற்றின் திசையைப் பொறுத்து ஓடுபாதையின் எந்த முனையிலிருந்தும் அது எழும். வான்வழிக் கட்டுப்பாட்டாளர் சொல்லும் பாதையில் சற்று விலகியும் செல்லும். ஆயினும் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலை சில கிலோமீட்டர் விலகலால் பக்கம் மாறிவிடாது.

ஒரு எச்சரிக்கையையும் அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். நம் மலை, புறப்பட்ட சில நிமிடங்களுக்குத்தான் பக்கவாட்டில் இருக்கும். பிறகு பின்னால் போய்விடும். ஆகவே சக்கரம் தரையை விட்டதுமே பார்க்கத் தொடங்க வேண்டும்.

எந்தப் பொழுது?

பக்கம் சரியாக இருந்தும் காட்சி கெடுவதுண்டு. சூரியன் நமக்கு எதிரே இருந்தால் கண் கூசும். கண்ணாடியில் உள்ள கீறல்களும் தூசும் ஒளிர்ந்து பார்வையை மறைக்கும். மலைகள் வெறும் நிழலுருவங்களாகத் தோன்றும். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருந்தால் நிலத்தின் மீது ஒளி நேரே விழும். வயலின் பசுமையும் மண்ணின் செம்மையும் தனித்தனியே தெரியும். எனவே காலையில் மேற்கு நோக்கிய ஜன்னலும், மாலையில் கிழக்கு நோக்கிய ஜன்னலும் சிறந்தவை. நண்பகலில் இரண்டும் ஒன்றே.

மதுரை சென்னைப் பயணத்தில் இது அழகாகப் பொருந்தி வருகிறது. காலை விமானத்தில் இடப்புறம் அமர்ந்தால் மலைகள் ஒளியில் நனைந்து தெரியும். மாலை விமானத்தில் வலப்புறம் அமர்ந்தால் கடற்கரை தெளிவாகத் தெரியும்.

தொலைவில் உள்ள மலைகள் ஏன் நீலமாகத் தோன்றுகின்றன? காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ராலே விதிப்படி, சிதறல் அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 700 நானோமீட்டர் சிவப்பையும் 400 நானோமீட்டர் ஊதாவையும் ஒப்பிட்டால், ஊதா ஒன்பது மடங்குக்கும் மேல் சிதறுகிறது. நமக்கும் மலைக்கும் இடையே உள்ள காற்றுத் திரளிலிருந்து சிதறி வரும் அந்த நீல ஒளியே மலையின் மீது போர்வையாகப் படிகிறது. மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் இப்போர்வை மெல்லியதாக இருக்கும். கோடையின் பிற்பகலில் தடித்திருக்கும்.

கடல் ஏன் நீலம் என்ற கேள்வியை 1921ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும் வழியில் எழுப்பிக்கொண்டவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன். பயணிகள் பலர் பார்த்த அதே மத்தியதரைக் கடலை அவரும் பார்த்தார். மற்றவர்கள் நீலத்தைக் கண்டார்கள். அவர் ஒரு வினாவைக் கண்டார். அவ்வழியே நடந்த ஆராய்ச்சி 1928இல் இராமன் விளைவில் முடிந்தது. 1930இல் நோபல் பரிசு வந்தது. பயணத்தில் ஒரு பொருளை உற்றுப் பார்ப்பது வீண் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எந்த வரிசை?

மூன்றாவது கேள்வி இறக்கையைப் பற்றியது. நம் நாட்டில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் 320 போன்ற விமானங்களில், நடுவழியின் இருபுறமும் மும்மூன்று இருக்கைகள். முன்னோக்கி அமர்ந்தால் ஏ என்பது இடப்புற ஜன்னல். எஃப் என்பது வலப்புற ஜன்னல். இறக்கை உடலின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும். நடு வரிசைகளில் அமர்ந்தால் கீழே பார்க்கும்போது நிலத்துக்குப் பதில் இறக்கையின் தகடுதான் தெரியும். இறக்கைக்குப் பின்வரிசைகளில் நிலம் தெரியும். ஆனால் எஞ்சினிலிருந்து வெளிவரும் சூடான காற்றின் ஒளிவிலகல் எண் அடிக்கடி மாறுவதால், அதன் வழியே தெரியும் காட்சி கானல்நீர் போல நெளியும். எனவே இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகளே முதல் தரம். வாலை ஒட்டிய வரிசைகள் இரண்டாம் தரம்.

சுழல்விசிறிகள் கொண்ட ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானங்களில் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். எனவே இறக்கை நிலத்தை மறைக்காது; விசிறிக்கும் எஞ்சினுக்கும் நேராக உள்ள வரிசைகளைத் தவிர்த்தால் போதும். தவிர, அவை சற்றுத் தாழ்வாகவே பறப்பதால் நிலத்தின் விவரங்கள் பெரிதாகத் தெரியும். சில போயிங் 737 விமானங்களில், காற்றுக்குழாய் செல்லும் இடத்தில், ஜன்னலோர இருக்கை என்ற பெயர் இருக்கும், ஜன்னல் இருக்காது! சுவரைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

முன்கூட்டியே இருக்கையைத் தேர்ந்தெடுக்க விமான நிறுவனங்கள் தனிக் கட்டணம் கேட்பதுண்டு. கட்ட இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். நேரத்தோடு போய், பயணிகள் பதிவு செய்யும் கவுன்டரில் பக்கத்தையும் வரிசையையும் சொல்லிக் கேட்டால், காலியாக இருக்கும் பட்சத்தில் சில வேளை கிடைக்கும். "ஜன்னல் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இடப்பக்கம், இறக்கைக்கு முன்னால்" என்று கேட்பது நல்லது. தெளிவாகக் கேட்பவருக்குத் தெளிவாகப் பதில் வரும்.

அக்கா கண்ட ஒளிவட்டம்

அக்கா அப்படியே கேட்டார். ஏழாம் வரிசையில் இடப்புற ஜன்னல் கிடைத்தது. அன்று மாலை தொலைபேசியில் அவர் சொன்னதை இங்கே தருகிறேன்.

"நம்ம மலை தெரிஞ்சுச்சுடா. ஆனா ஒரு நீலக் கோடு மாதிரிதான். அவ்ளோ நேரம் பஸ்ஸுல ஏறுறோம், அது என் கட்டை வெரலுக்குள்ள அடங்கிப் போச்சு."

இதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். 80 கிலோமீட்டருக்கு அப்பால் 2 கிலோமீட்டர் உயர மலை ஒன்றரைப் பாகைக்கும் சற்றுக் குறைவான கோணத்தையே அடைக்கும். நீட்டிய கையின் கட்டை விரல் அகலம் சுமார் 2 பாகை. அக்கா சொன்னது அளவெடுத்தாற்போல் சரி.

திருச்சியருகே ஆறு இரண்டாகப் பிரிவதையும், ஆற்றில் தண்ணீரைவிட மணல் அதிகமாக இருந்ததையும் பார்த்ததாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொன்னு பாத்தேன். யாருகிட்டயும் சொல்லல. கீழ மேகத்து மேல பிளேனோட நெழலு ஓடி வந்துச்சு. அதைச் சுத்தி வட்டமா வானவில்லு. எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுச்சோ என்னமோ. அது என்னடா?" என்றார்.

வலப்புறம் அமர்ந்திருந்தால் அவர் அதைக் கண்டிருக்க முடியாது. அது சூரியனுக்கு நேர் எதிர்ப் புள்ளியைச் சுற்றியே தோன்றும். காலையில் கிழக்கே சூரியன். ஆகவே மேற்கே, அதாவது இடப்புறம், மேகத்தின் மீது நிழல். அந்நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள். சாதாரண வானவில் மழைத்துளிகளால் சுமார் 42 பாகை ஆரத்தில் உண்டாவது. இதுவோ மேகத்தின் நுண்துளிகளால் சில பாகை ஆரத்தில் உண்டாவது. அத்துளிகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும். துளி சிறிதானால் வளையம் பெரிதாகும். ஒளியை நேர்கோடாகக் கொண்டு வரையும் கதிர்ப்படத்தால் இதை விளக்க முடியாது. ஒளியை அலையாகக் கொண்டு, கோளத் துளிகளின் சிதறலை 1908இல் மீ என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்த கணக்கால்தான் விளக்க முடியும். நம் பாடத்தில் வரும் விளிம்பு விளைவும் குறுக்கீட்டு விளைவும் இங்கே மேகத்தின் மீது எழுதிக் காட்டப்படுகின்றன.

நம் மலைவாசிகளுக்கு இது புதியதன்று. 1872இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக்கில், சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்திருந்து, எதிரே பள்ளத்தில் மஞ்சு நிறைந்திருக்கும் அரிய வேளைகளில், மனிதனின் நிழல் பேருருவாக மஞ்சின் மீது விழும். தலையைச் சுற்றி வண்ண வளையம் தோன்றும். ஜெர்மனியின் பிராக்கன் மலையின் பெயரால் இதைப் பிராக்கன் பேயுரு என்பர். விமானத்தில் தோன்றுவதும் மலையில் தோன்றுவதும் ஒரே விதிக்கு உட்பட்டவை.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பத்துப் பேர் வரிசையாக நின்றாலும் ஒவ்வொருவருக்கும் வளையம் தத்தம் தலை நிழலைச் சுற்றியே தெரியும். பக்கத்தில் நிற்பவர் தலையைச் சுற்றித் தெரியாது. விமானத்திலும் வளையத்தின் நடுப்புள்ளி, நாம் அமர்ந்திருக்கும் இருக்கையின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கேதான் இருக்கும். "உனக்கு மட்டும்தான் தெரிந்தது என்றாயே அக்கா, ஒரு வகையில் அது உண்மைதான், அந்த வட்டம் உன் ஏழாம் வரிசைக்கே உரியது" என்று சொன்னேன். வெகுநேரம் சிரித்தார்.

1894ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் இருந்த வானிலை ஆய்வகத்தில் சி. டி. ஆர். வில்சன் என்ற இளைஞர் சில வாரங்கள் பணியாற்றினார். மேகத்தின் மீது தெரிந்த இதே வண்ண வளையங்கள் அவர் மனத்தைப் பறித்தன. அவற்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்று செயற்கை மேகம் செய்யத் தொடங்கினார். அம்முயற்சி மின்னேற்றத் துகள்களின் பாதையைக் காட்டும் மேக அறையாக வளர்ந்தது. 1927இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. பென் நெவிஸின் உயரம் 1,345 மீட்டர். நம் கோக்கர்ஸ் வாக் அதைவிட உயரமானது!

பிற வழிகள்

இதே முறையை எந்தப் பயணத்துக்கும் கையாளலாம். சில எடுத்துக்காட்டுகள்:

திருச்சியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு: கோடு வடமேற்காகச் செல்கிறது. புறப்பட்டதும் வலப்புறம் கொல்லிமலை. இடப்புறம், வானம் மிகத் தெளிவாக இருந்தால், தொலைவில் பழனி மலைத்தொடர். இரவுப் பயணமானால் ஊர்களின் விளக்குகள் மட்டுமே.

சென்னையிலிருந்து கொழும்புக்கு: கோடு ஏறக்குறையத் தெற்கு நோக்கியது. இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட மணல் திட்டுகள் மேற்கே, அதாவது வலப்புறம். மதுரையிலிருந்து கொழும்புக்குக் கோடு இழுத்தால் அதே திட்டுகள் இடப்புறம் வரும்.

டில்லியிலிருந்து காத்மண்டுக்கோ பாக்டோக்ராவுக்கோ: கோடு கிழக்கு நோக்கியது. இமயம் வடக்கே. ஆகவே இடப்புறம். திரும்பும்போது வலப்புறம். 8,849 மீட்டர் எவரெஸ்ட்டும் அதன் கூட்டமும் அந்தப் பக்கத்தில்தான்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் மறைப்பைத் திறந்து வைக்கச் சொல்வார்கள். அவசர வேளையில் வெளியே நடப்பது தெரிய வேண்டும் என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. பார்க்க விரும்புபவருக்கும் அதுவே நல்ல நேரம். நிலம் அருகில் இருப்பது அப்போதுதான். நீண்ட பயணத்தில் கால் வீங்கும் முதியவர்களும், அடிக்கடி எழ வேண்டியவர்களும் நடுவழியை ஒட்டிய இருக்கையைக் கேட்பதே நலம். காட்சியைவிட உடல்நலம் பெரிது.

முடிவுரை

திசை, சூரியன், இறக்கை: இம்மூன்றையும் கேட்டால் நல்ல ஜன்னல் கிடைக்கும் எனக் கண்டோம். இவற்றுக்கு உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பு நிலவரைபடமும் பன்னிரண்டாம் வகுப்பு ஒளியியலும் போதும்.

நம் கல்லூரியில் படிப்பவர்களில் பலர் என்னைப் போல வீட்டின் முதல் பட்டதாரிகளாக ஆகப் போகிறவர்கள். நம் வீடுகளிலிருந்து விமானம் ஏறுபவர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காக ஏறுகிறார்கள். ஊர் சுற்றிப் பார்க்க அன்று. இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் போகிறவர் தம் ஊரைக் கடைசியாகப் பார்க்கும் சில நிமிடங்கள் அந்த ஜன்னலில்தான் இருக்கின்றன. எந்தப் பக்கம் என்று தெரியாததால் அவை வீணாகின்றன. கடவுச்சீட்டு எங்கே, படிவம் எங்கே என்ற பதற்றத்தில், கிடைத்த இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்து போய்விடுகிறார்கள். காட்சி என்பது வசதி படைத்தவர்களுக்கு உரியது, நமக்கு இடம் கிடைத்ததே பெரிது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தை மாற்றப் படித்தவர்களால் முடியும். நாம் கற்ற கல்வி நம் வீட்டாருக்கு இவ்வளவாவது பயன்பட வேண்டாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலிருந்து யாரேனும் விமானம் ஏறப் போகிறார் என்று தெரிந்தால், நூலகத்துக்குச் சென்று வரைபடத்தை விரித்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இடப்பக்கம் என்னென்ன, வலப்பக்கம் என்னென்ன, எது எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். பத்து நிமிட வேலை. அக்கா அந்த வேலையில் சேர்ந்து இப்போது சென்னையில் இருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த தாளைத் தம்முடன் தங்கியிருக்கும் தூத்துக்குடிப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாராம். "அவளுக்குச் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வேணுமாம், எழுதி அனுப்பு" என்று கேட்டிருக்கிறார். வரைபடத்தை மீண்டும் விரித்திருக்கிறேன்.